மைனாவா, தாராவா

“உனக்கு எது பிடிச்சிருக்கு அரசி?”

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதுதான்.”

“எனக்கு உனக்குப் பிடிச்சதுதான் பிடிக்கும்.”

“அப்ப உங்க இஷ்டம்.”

“உன் இஷ்டம்.”

நானும் என் கணவர் நல்லசிவமும் கடைசியாக நேருக்கு நேர் நின்று பேசியது இதுதான். திருச்சியில், கரூர் பைபாஸ் சாலையில் இருக்கும் ஒரு கார் ஷோரூமில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பேசினோம். பதினொரு வருடம் ஆகிறது.

அன்றிலிருந்து நான் மைனாவில் குடியிருக்கிறேன். அவர் தாராவில் குடியிருக்கிறார்.

இரண்டுமே சின்னக் குடும்பத்துக்கான கார்கள். மைனாவுக்குக் கூரை உயரம். தாராவுக்கு டிக்கி பெரிது. மைனா லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அதிகம் கொடுக்கும். தாராவில் பின் சீட்டுக்கும் ஏ.சி. காற்று வரும். ஊரில் பாதிப் பேர் இதை வாங்குகிறார்கள், மீதிப் பேர் அதை வாங்குகிறார்கள். வாங்கிய எல்லாரும் மற்றதை வாங்கியிருக்கலாம் என்கிறார்கள்.

உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள். நான் மைனாவின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அவர் தாராவின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்கள் முடிவு சொல்லாமல் இறங்கக் கூடாது என்பது ஷோரூமின் விதி. விதி நியாயமானதுதான். ஏறி இறங்கினால் சீட்டின் பிளாஸ்டிக் உறை கசங்கிவிடும்.

அன்று இரண்டு காருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது. முதல் வருடம் முடியும்போது எட்டு டைல்ஸ் அதிகமாகியிருந்தது. மூன்றாம் வருடம் நடுவில் ஒரு டீக்கடை வந்தது. ஐந்தாம் வருடம் ஒரு வாய்க்கால் வந்தது. ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் வந்து அதில் முளைப்பாரி விடுகிறார்கள். இப்போது அவர் பக்கம் போவதென்றால் டவுன் பஸ் ஏறி நான்கு ஸ்டாப் போக வேண்டும். கூரை மட்டும் அதே கூரை.

தாரா வெள்ளை நிறம். இங்கிருந்து பார்த்தால் ஒரு மாத்திரை அளவுக்குத் தெரிகிறது. அதற்குள் அவர் இருக்கிறார்.

மதியம் ஒரு மணிக்கு அவர் வைப்பரை இரண்டு தடவை போடுவார். சாப்பிட்டியா என்று அர்த்தம். நான் ஒரு தடவை போட்டால் ஆயிற்று என்று அர்த்தம். சாப்பிடாத நாளிலும் ஒரு தடவைதான் போடுவேன்.

வேறு எதையும் சொல்வதற்கு வைப்பரில் வழியில்லை. ஒரு நாள் நிறுத்தாமல் ரொம்ப நேரம் போட்டுப் பார்த்தேன். அவர் அதை மழை என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்.

போனும் இருக்கிறது. கூப்பிட்டால் உடனே எடுப்பார்.

“சொல்லு.”

“சும்மாதான்.”

“ம்.”

“வச்சிடவா?”

“உன் இஷ்டம்.”

என் இடது பக்க சீட்டில் பிலோமினா இருக்கிறாள். விற்பனைப் பிரிவு. காலியாக இருக்கும் முன் சீட்டில் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார வேண்டுமாம். முதல் நாள் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவள் பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாலை ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குப் போனதும், வாசலில் இருக்கும் விளம்பரத் தட்டியிலிருந்து ஒரு கணவன் இறங்கி வந்து அந்த இடத்தில் உட்காருகிறான். நல்ல பல்வரிசை. பேச மாட்டான். காலையில் திரும்பிப் போய்த் தட்டியில் நின்றுகொள்வான்.

அவர் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பிலோமினாவிடம் நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமைதோறும் அவள் படிவத்தை எடுப்பாள்.

“முடிவு என்ன மேடம்?”

“அவர் இஷ்டம்.”

“அந்தப் பேர்ல வண்டி வரலை மேடம்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டோம். அவ இஷ்டம்னாரு. அந்தப் பேர்லயும் வரலை.”

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூரையும் டிக்கியும் எனக்கு ஒரு பொருட்டில்லை. எந்தக் காராக இருந்தாலும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அவர் விரல்கள் தாளம் போடும். ஸ்கூட்டரில் போன காலத்தில் அதை அவர் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்த்தேன். பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் எங்கள் வீடுகளில் வேண்டும் என்று யாரும் வாயால் சொல்லிப் பழகவில்லை. பந்தியில்கூட ‘போதும்’ என்றுதான் சொல்வோம். பரிமாறுகிறவர்கள் புரிந்துகொண்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். கல்யாணமான புதிதில் அவரும் எனக்கு அப்படித்தான் வைத்தார்.

இந்த வியாழக்கிழமை பிலோமினா படிவத்தை எடுக்கவில்லை. ஒரு கடிதத்தை எடுத்தாள்.

“ரெண்டு மாடலையும் நிறுத்துறாங்க மேடம். இன்னிக்கு ஒன்றரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால, ஒன்றேகாலுக்குள்ள எது வேணும்னு சொல்லிடுங்க. இல்லேன்னா ரெண்டையும் டெலிவரி பண்ணிடுவாங்க.”

“எங்க?”

“மைனா கும்பகோணத்துக்கு. தாரா ஓசூருக்கு.”

“உள்ள இருக்கிறவங்க?”

“வண்டியோட வர்ற சாமான் கணக்குல சேத்துட்டாங்க மேடம். ஜாக்கி, ஸ்டெப்னி மாதிரி.”

அப்போது மணி பன்னிரண்டு. நான் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தேன்.

“பூப்போட்டுப் பாத்துடலாமா?” என்று பிலோமினா கேட்டாள். “எங்க ஆளுங்கன்னா சீட்டு எழுதிப் போடுவோம். உங்களுக்குப் பூதானே?”

பூதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் பதில் கிடைத்துவிடும். எங்கள் கல்யாணமே அப்படி முடிவானதுதான். அன்றைக்கும் அவரையோ என்னையோ யாரும் கேட்கவில்லை.

டெலிவரி வாசலுக்குப் பக்கத்தில் ஷோரூம் பிள்ளையார் இருக்கிறார். புது வண்டிகளின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற குருக்கள்தான் அவருக்கும் பூஜை செய்கிறார். சிவப்பு அரளி மைனாவுக்கு, நந்தியாவட்டை தாராவுக்கு என்று குருக்களே பொட்டலம் கட்டினார். போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். என் ஜன்னலுக்குக் கொண்டுவந்து பிரித்தார்.

உள்ளே பூ இல்லை. சின்னக் காகிதம் இருந்தது. ‘உங்கள் இஷ்டம்’ என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது.

இன்னொன்றையும் பிரித்தார். அதிலும் அதே எழுத்து.

“நாப்பது வருஷமா இவருக்குப் பண்றேன்,” என்றார் குருக்கள். “இப்படிச் சொன்னதே இல்லை. உங்காத்து மனுஷாளோட ரொம்ப நாள் இருந்துட்டார் போலிருக்கு.”

ஒன்றேகாலுக்கு மைனாவின் பானட்டில் மாலை போட்டார்கள். நாலு டயருக்கும் பழம் வைத்தார்கள். பிலோமினா தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“நான் இறங்குறேன் மேடம். கும்பகோணத்துல எனக்கு யாரும் இல்லை.”

“பாப்பாவைக் கேட்டதா சொல்லுங்க.”

“சொல்றேன். நீங்களும் ஏதாவது கேட்டிருக்கலாம் மேடம். இவ்வளவு நாள்ல.”

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாத்திய சத்தத்திலேயே கார் நகர ஆரம்பித்தது. நான் எதையும் மிதிக்கவில்லை. பழங்கள் நசுங்கின. தூரத்தில் வெள்ளை மாத்திரையும் நகர்வது தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு போனேன். அது தீப்பெட்டி அளவானது. அப்புறம் பீரோ அளவானது. அப்புறம் கார் அளவானது.

ஷோரூமுக்கு வெளியே போக ஒரே வாசல்தான். இரண்டு கார்களும் அதன் முன்னால் ஒட்டி வந்து நின்றன. பக்கவாட்டுக் கண்ணாடிகள் உரசிக்கொண்டன. என் ஜன்னலும் அவர் காரின் இடது ஜன்னலும் எதிரெதிரே இருந்தன.

அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். அவரே தைத்திருக்க வேண்டும்.

“நீ முதல்ல போ,” என்றார்.

“நீங்க போங்க,” என்றேன்.

“பரவால்ல, நீ போ.”

வாசலில் நின்ற காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “யாராவது ஒருத்தர் போங்க சார். ஒன்றரைக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அதுக்கப்புறம் இது சுவராயிடும்.”

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. சீட்டின் மேல் ஒரு துண்டு கிடந்தது. பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுவார்களே, அப்படி நீளவாக்கில் விரித்துப் போட்டிருந்தார். ஒரு முனையைச் சீட் பெல்ட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டியும் வைத்திருந்தார். வெயில் பட்டுப் பட்டு அதன் கரை வெளுத்திருந்தது. பல வருடத்து வெளுப்பு.

அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். விரல்கள் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தன.

நான் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன்.

“என்னங்க,” என்றேன். “அந்தத் துண்டை எடுங்க. எனக்கு அங்க உட்காரணும்.”