ஒரு முழத் தூரம்

நாளிதழில் கோல்ஃப் செய்தி எழுதுகிறவர் கோல்ஃப் நன்றாக ஆடுவார் என்று யார் சொன்னது? உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் 'சொதப்பினார்', 'கோட்டைவிட்டார்' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிழித்துத் தொங்கவிடும் உதவி ஆசிரியர், பதினொரு வருஷமாகத் தானும் ஆடுகிறார். கோல்ஃபில் மட்டையடி குறையக் குறையத்தான் நல்ல ஆட்டம்; பதினெட்டுக் குழியையும் இவர் நூறு அடிக்குக் குறைவாக முடித்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. நூற்று மூன்று, நூற்று ஏழு என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

கூட ஆடுகிறவர் மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மச்சான் தங்கமான மனுஷர். பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றால் போதும், "எடுத்துக்கோ மாப்ள" என்பார். குழிக்குள் தள்ளியதாகக் கணக்கு, ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு பந்தைக் கையால் எடுத்துவிடலாம். இவரும் மச்சானுக்கு அதே சலுகையைத் தருவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்.

அன்று கிளப்பின் வருடாந்திரப் போட்டி. சலுகை கிலுகை கிடையாது, ஒவ்வொரு பந்தையும் குழிக்குள் தள்ளியே ஆக வேண்டும். பதினேழு குழி வரை இருவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். உதவி ஆசிரியருக்கோ அன்று தொட்டதெல்லாம் துலங்கியது. மரத்தில் பட்ட பந்துகூடப் புல்தரைக்கே திரும்பி வந்தது. கடைசிக் குழியில் பந்து ஒரு முழத் தூரத்தில் நின்றபோது மொத்தம் தொண்ணூற்றெட்டு அடி. இதையும் தள்ளிவிட்டால் தொண்ணூற்றொன்பது.

"எடுத்துக்கோ மாப்ள," என்றார் மச்சான்.

வாய் பழக்கத்தில் சொன்னது; கை பழக்கத்தில் எடுத்தது. பந்து உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. போட்டியில் பந்து நின்ற இடத்தைக் குறிக்காமல் எடுத்தால் ஓர் அடி தண்டம். பந்தைப் பழைய இடத்தில் வைத்துத் தள்ளவும் வேண்டும்; தொண்ணூற்றொன்பது நூறாகிவிடும்.

மச்சானுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரும் பாக்கல. பேசாம வச்சுத் தள்ளு. உன் அட்டையில அடிக்கணக்கு எழுதுறது நான்தானே."

"இதையே வேற ஒருத்தன் செஞ்சிருந்தா நாளைக்குப் பேப்பர்ல என் பக்கத்துல அவனைச் சும்மா விட்டுருப்பேனா மச்சான்?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான்மேல் கோபம், தன் கைமேல் அதைவிடக் கோபம். பந்தை வைத்துவிட்டு மட்டையைப் பிடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இதே ஒரு முழத்தில் அன்று காலையிலேயே இரண்டு பந்தைத் தவறவிட்டிருந்தார். அப்படியென்றால் இத்தனை வருஷமாகத் தள்ளாமலே எடுத்துக்கொண்டதில் எத்தனை தவறியிருக்கும்?

மெல்லத் தள்ளினார். பந்து குழியின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி உள்ளே விழுந்தது.

"நூறுன்னு எழுதுங்க."

"என் வாயாலதான் கெட்டுது மாப்ள. மன்னிச்சுக்கோ."

"விடுங்க மச்சான். நம்ம நூத்தி மூணு, நூத்தி ஏழெல்லாம் சும்மா. இன்னிக்குத்தான் உண்மையா எண்ணியிருக்கோம். இந்த நூறுதான் நான் ஆடினதுலயே நல்ல ஆட்டம். இனிமே ஞாயித்துக்கிழமையும் எடுத்துக்கோ கிடையாது."

மச்சான் மாப்பிள்ளையின் கையிலிருந்த தன்னுடைய அட்டையை எட்டிப் பார்த்தார். நூற்றுப் பத்தொன்பது.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"நீ வேணும்னா தள்ளிக்கோ மாப்ள. வயசுல பெரியவன், எனக்கு மட்டும் அரை முழம் விட்டுக்குடேன்."

"ஒரு விரக்கடைகூடக் கிடையாது," என்று சொல்லிவிட்டு உதவி ஆசிரியர் தன் அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.