ஐந்தாவது குளியலறை

“இந்த பாத்ரூமுக்குள்ள யாரு வந்தது?”

மருமகளின் குரல் ஹாலைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் போயிற்று. இருபத்தேழாவது மாடியில் ஜன்னல்களைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே எழுகிற சத்தத்துக்கும் ஓடி ஒளிய இடமில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த பெரியவர், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். யார் வந்தது என்று அவருக்குத் தெரியும். வந்தது அவர்தான்.

முக்கால் மணி நேரத்துக்கு முன்னால், பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று முட்டிக்கொண்டு வந்தது. அவருடைய அறையும் அதை ஒட்டிய குளியலறையும் வீட்டின் மறுகோடியில். இந்த வயதில் அது சொல்லிக்கொண்டும் வருவதில்லை, நில் என்றால் நிற்பதும் இல்லை. பக்கத்திலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு விருந்தாளிக் குளியலறைக்குள் நுழைந்தார். பாதி போகவேண்டிய இடத்தில் போயிற்று. மீதி தரையிலும் வெள்ளை மிதியடியிலும். அந்த மிதியடியாலேயே துடைக்கப் பார்த்து, இருந்ததையும் நாசமாக்கிவிட்டு, அறைக்கு ஓடிப் பைஜாமாவை மாற்றிக்கொண்டார். ஈரப் பைஜாமா இப்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் கிடந்தது. அறுபத்தொன்பது வயதில் வரக்கூடாத புத்திதான்.

அந்த வீட்டில் குளியலறைகள் ஐந்து, மனிதர்கள் மூன்று. ஐந்தாவது, வரப்போகிற விருந்தாளிக்கு. வீடு வாங்கி மூன்று வருஷத்தில் அதற்குள் போன விருந்தாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று நான்கு மணிக்கு மகனுடைய மேலதிகாரி குடும்பத்தோடு வருகிறார். அதற்காக எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப்போன மருமகள்தான் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் இங்க வாங்க.”

கோபத்திலும் ‘வாங்க, போங்க’ விடாதவள் மருமகள். படித்தவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் வேலைக்காரம்மா.

ஐந்து குளியலறைகளையும் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். ஆனால் ஐந்தில் ஒன்றுக்குக்கூட அவள் போகக்கூடாது. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று கீழே, கார்கள் நிற்கிற தளத்தில் ஒரு கழிவறை உண்டு. டிரைவர், வாட்ச்மேன், ஆண், பெண் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். வேலையாட்களுக்கான லிஃப்ட்டுக்குக் காத்துக்கிடந்து போய்த் திரும்ப அரை மணி ஆகும்; “எங்க போனீங்க இவ்வளவு நேரம்?” என்று கேட்காத வீடு கிடையாது. இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டினால் அசிங்கமாக இருக்குமே! எல்லா வீட்டிலும் அப்படி, அதனால் இந்த வீட்டிலும் அப்படி.

“உண்மையைச் சொல்லுங்க. நீங்க இதுக்குள்ள போனீங்களா?”

வேலைக்காரம்மா தரையைப் பார்த்தாள். பிறகு பேப்பருக்கு மேலே தெரிந்த பெரியவரின் நெற்றியை ஒரு கணம் பார்த்தாள். அவர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, துணிக்கூடையோடு எதிரே வந்தவள் அவள். பார்த்தும் பார்க்காததுபோல் அப்போது விலகிப் போயிருந்தாள்.

பெரியவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போலிருந்தது. ‘நான்தாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால்? டாக்டர், டயபர், துணைக்கு ஓர் ஆள், மகனோடு அறைக்குள் தணிந்த குரலில் ஒரு பேச்சு. பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“இன்னைக்கு நான் போகலம்மா.”

“அப்போ வேற யாரு? எங்க வீட்டு ஆளுங்க யாரும் அதுல போறதில்லையே?”

“இன்னைக்கு நான் போகல. ஆனா போன வாரம் ரெண்டு தடவ போனேன்.”

பேப்பர் தானாகக் கீழே இறங்கியது. மருமகளே திகைத்துப்போனாள். பொய்க்குத் தயாராக வந்தவளுக்கு உண்மையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“என்ன சொல்றீங்க நீங்க?”

“நீர்க்கடுப்பும்மா. அடக்கி அடக்கியே வந்துடுச்சு. ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேரு, இன்னொரு நாள் கீழ பூட்டிக் கெடந்துச்சு. இருபத்தேழு மாடி நான் எப்படிம்மா எறங்கி ஏறுறது? போனேன். போயிட்டு, பினாயில் ஊத்தித் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வந்தேன். உங்களுக்கே தெரியலைல்ல?”

பெரியவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ‘அப்பா போக்குவரத்துத் துறையில இருந்தார்’ என்றுதான் மகன் இங்கே எல்லாரிடமும் அறிமுகம் செய்வான், ஏதோ துறையையே இவர்தான் ஓட்டியது மாதிரி. நெடுந்தூர வண்டி. ஆண்கள் முன்னால் வந்து “அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்க” என்பார்கள், ஓரங்கட்டுவார். பெண்கள் ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்தும் தானாக ஒரு நாள் வண்டியை நிறுத்தியதில்லை. இந்த வீட்டில் தினமும் அவருக்கு டீ கொண்டுவந்து வைக்கிற இவளிடமும், “நீயும் ஒரு வாய் குடியேம்மா” என்பார். “வேண்டாங்கய்யா” என்பாள். ஏன் வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ரசித்து ரசித்துக் குடித்திருக்கிறார்.

“இது நம்பிக்கை விஷயம், அக்கா,” என்றாள் மருமகள். “எங்ககிட்ட சொல்லாம இதைச் செஞ்சவங்க நாளைக்கு வேற எதையும் செய்வீங்க. கார்டைக் கொடுத்துடுங்க. அசோசியேஷன்ல நான் சொல்லிக்கிறேன்.”

கார்டு இல்லாவிட்டால் கீழே கேட் திறக்காது. அவள் வேலை பார்க்கிற பதினெட்டாவது மாடி வீடு, பத்தாவது மாடி வீடு, இந்த வீட்டோடு அவையும் போயின. வேலைக்காரம்மா அதைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினாள்.

பெரியவர் எழுந்துவிட்டார்.

“நில்லும்மா. இன்னைக்கு அதுக்குள்ள போனது நான்தான். அசிங்கம் பண்ணினதும் நான்தான்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஐயோ, மாமா!” மருமகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கா இவ்வளவு நேரம் பேசாம இருந்தீங்க? வயசானா எல்லாருக்கும் ஆகிறதுதானே? இது உங்க வீடு. எதுல வேணும்னாலும் போங்க.”

அவள் முகத்தில் இருந்தது உண்மையான இரக்கம். அதில் கலப்படமே இல்லை. அதுதான் பெரியவரைக் கொன்றது.

“அப்போ இந்த அம்மாவையும் விட்டுடும்மா.”

“மாமா, அது வேற, இது வேற.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தவருக்கு ஆறுதல், துடைத்துவைத்தவளுக்குத் தண்டனை. இந்த ஒரு வார்த்தையை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அவளிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். போன வாரத்துக் கதையும் வெளியே வந்திருக்காது. பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு நிமிஷத்தில் மூன்று வீட்டு வேலையை அவர் பறித்துவிட்டார். நினைக்க நினைக்க அவருக்குக் காது மடல்கள் சுட்டன.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, போறதுக்கு முன்னாடி இதை மட்டும் கழுவி விட்டுட்டுப் போயிடுங்க. நாலு மணிக்கு ஆளுங்க வராங்க.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த வேலைக்காரம்மா நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டு வருஷமா அஞ்சையும் நான்தாம்மா கழுவினேன். இன்னைக்கு மட்டும், போனவங்க கழுவட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது.

பெரியவர் பினாயில் பாட்டிலையும் பிரஷையும் தேடினார். இரண்டு அலமாரிகளைத் திறந்து மூடிய பிறகுதான் அவை எங்கே இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரிந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“மாமா, என்ன பண்றீங்க? விடுங்க மாமா, வேற யாரையாவது வரவெச்சுக்கலாம்.”

அவர் தரையைத் தேய்த்தார். முட்டி வலித்தது. சற்று நேரத்தில், ஹாலிலிருந்து மருமகள் யாரிடமோ போனில் பேசுவது கதவைத் தாண்டிக் கேட்டது.

“ஆமா, உடனே ஆள் வேணும். வீட்டுல மூணு பேருதான், பெரிய வேலை ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு, ரொம்பச் சுத்தமான ஆளா இருக்கணும்.”