காணாமல்போன பங்கு

படகு கரை சேர்ந்தபோது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. பழுதுபார்க்கக் கடலடியிலிருந்து ஏற்றிய வடம் தளத்தில் சுருண்டு கிடந்தது. அதில் கோத்திருந்த கண்ணாடி உருண்டைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளியை உணரும் கருவிகள். அண்டவெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் எதிலும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று கடலுக்குள் மோதினால் சிறு ஒளி பிறக்கும். அதைப் பிடிப்பது உருண்டைகளின் வேலை. பிடித்ததைக் கணக்குப் போடுவது அவள் வேலை.

நியூட்ரினோவில் மூன்று வகை. வழிநெடுக ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே வருவதால், இங்கே வந்து சேரும்போது மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அவள் கணக்கில் ஒரு வகை குறைந்தது. குறைந்த பங்கு யாரும் அறியாத புதிய துகளாக மாறியிருக்கலாம். குழுத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை அறிவிக்கும் கட்டுரை தயார், அனுப்புவதுதான் பாக்கி.

அவள் ஓர் உருண்டையைத் தடவினாள். அடிப்பக்கம் வழவழவென்றிருந்தது. மேல்பக்கத்தில் கொழகொழவென்று வண்டல். நீளக் கோடாக ஒளிரும் வகை எப்படியும் பல உருண்டைகளில் பட்டுவிடும். ஓரிடத்தில் மட்டும் மின்னிவிட்டு அணையும் வகை, கணக்கில் குறைந்த அதே வகை? வண்டல் அதை மறைத்துவிடாதா?

அலுவலகத்துக்குத் திரும்பி, வண்டலையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டாள். காணாமல்போன பங்கு திரும்பி வந்துவிட்டது. மூன்றும் சமம்.

தலைவரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இப்ப அனுப்பிடுவோம். வண்டல் விஷயத்த அடுத்த கட்டுரையில பாத்துக்கலாமே?"

"அதுக்குள்ள ஊரே நம்பிடும் சார்."

"எனக்கு ஓய்வு பெறற வயசு வந்துடுச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார். எனக்கும் முடி நரைச்சிடுச்சு."

அவர் ஜன்னல் வழியே வண்டி நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன். நீ போய்த் தூங்கு," என்றார். சொன்னபடியே சொன்னார்.

திருத்திய கட்டுரை வெளிவந்தது: புதிய துகள் இருந்தாலும், அது தின்னும் பங்கு ஒரு சிறு அளவைத் தாண்டாது. யாரும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டவில்லை.

"என்னதான் கண்டுபிடிச்சீங்க?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டான், பள்ளி வேன் ஓட்டும் கணவன்.

"இல்லைன்னு."

"இல்லைன்னு சொல்லவா இத்தன வருஷம்? எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் தட்டில் சோற்றைப் போட்டுக் கையருகே நகர்த்தினான்.

"சாப்பிடு. நாளைக்கு லீவு போடு."

"நாளைக்கு அடுத்த வடத்த ஏத்துறாங்க. துடைக்கறதுக்கு முன்னாடி வண்டல் எவ்வளவு படிஞ்சிருக்குன்னு அளக்கணும்."

"சரி, அப்ப நானே கொண்டுபோய் விடறேன். வண்டியில தூங்கிக்க."

அவள் தலையாட்டினாள். பாதிச் சோறு தட்டில் இருக்கும்போதே கண்கள் செருகின.