எய்டன் என்ன படிக்கிறான்

என் வீட்டுக்காரர் பெர்னாட் பொய் பேசுகிறவர் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அவருக்கு இருக்கிற வியாதி வேறு. உண்மையைச் சொல்ல ஆரம்பித்து, காதுக்கு இனிமையான இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உபதேசியார் தேவன் வந்து, "எய்டன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டார். "இன்ஜினியரிங்" என்றார் இவர். "எங்கே?" "ஷா ஆலம் பக்கம்." "யுனிவர்சிட்டியா?" அதற்கு இவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்தார். அதை மென்று விழுங்குவதற்குள் என் மகன் யுனிவர்சிட்டி மாணவனாகிவிட்டான்.

அவன் சேர்ந்தது போலிடெக்னிக்கில், மெக்கானிக்கல் டிப்ளோமாவுக்கு. எஸ்.பி.எம் பரீட்சையில் பிசிக்ஸ் காலை வாரிவிட்டது, யுனிவர்சிட்டிக்குக் கொண்டுபோகும் மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. அவன் வாத்தியார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். டிப்ளோமாவை நன்றாக முடித்தால் அங்கிருந்து டிகிரிக்குள் போகலாம், வழிதான் கொஞ்சம் சுற்று என்றார். எனக்குப் புரிந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது. ஐம்பது வயது மனுஷனுக்கு மட்டும் புரியவில்லை.

"எஸ்டேட்ல என்கூட வளந்தவங்க பிள்ளைங்க எல்லாம் யுனிவர்சிட்டிலா, லில்லி. நான் மட்டும் டிப்ளோமான்னு எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்துதான். வேற எப்படி?" என்றேன்.

நாங்கள் எஸ்டேட்டை விட்டுக் கோலா சிலாங்கூருக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. ராவாங்கில் இருப்பவர்கள், தஞ்சோங் காராங்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வந்து சேர்வோம். அந்த நாற்பது குடும்பத்துக்குத்தான் இவர் பயந்தார். மூன்று வருடமும் யார் வீட்டில் புல்வெட்டும் மிஷின் மக்கர் செய்தாலும், "இன்ஜினியர் இருக்கானே" என்று எய்டனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாவம் பிள்ளை, எல்லாவற்றையும் பிரித்து மாட்டிக் கொடுத்தான்.

இந்த வருடம் டிப்ளோமாவை முடித்தான். நாலுக்கு மூன்று புள்ளி ஏழு எட்டு. டிகிரிக்கு விண்ணப்பம் போட்டான். போன புதன்கிழமை பதில் வந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங், அதுவும் நேராக இரண்டாம் வருடத்தில். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எங்கள் யாருக்கும் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்ததே என்று அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

பெர்னாட் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கேட்டார், "இன்ஜினியரிங் முடிச்சவன் எதுக்கு மறுபடியும் இன்ஜினியரிங் போறான்னு கேட்டா, என்ன சொல்றது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. "மாஸ்டர்ஸ் பண்றான்னு சொல்லுங்க" என்றேன் எரிச்சலில். அந்த மனுஷன் அதையும் ஒரு நிமிடம் யோசித்தார்.

அப்போதுதான் மற்ற விஷயமும் வெளியே வந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் அந்த வருடம் பட்டம் வாங்கிய பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவார்கள். இவர் ஒரு மாதத்துக்கு முன்பே எய்டன் பெயரைக் கொடுத்திருக்கிறார். திருவிழா இந்த ஞாயிற்றுக்கிழமை. அது போதாதென்று, தான் வேலை செய்யும் ராவாங் ஃபேக்டரியில் அவனுக்கு டெக்னீஷன் வேலையும் பேசி வைத்திருக்கிறார்.

"ரெண்டு வருஷம் வேலை செய்யட்டும். அப்புறமா பார்ட் டைம்ல டிகிரி படிச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

"யாருக்கும் தெரியாம படிக்கிறதுக்கு அவன் என்ன திருடவா போறான்?"

மூன்று நாள் இதே பாட்டு. நான் கத்துவேன், அவர் எழுந்து போய் வாசலில் காரைக் கழுவுவார். அந்த வாரத்தில் அந்தக் காரை நான்கு தடவை கழுவினார். எய்டன் மட்டும், "விடுங்கம்மா, அப்பாவுக்கு அசிங்கமா போயிடும்" என்றான். "உனக்கு வாழ்க்கையே போயிடும்டா" என்றேன். சனிக்கிழமை மத்தியானம் இவர் ஃபேக்டரிச் சட்டை இரண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். எய்டன் ஒன்றைப் போட்டுப் பார்த்து, அளவு சரிதான் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் நெரிந்தது. பூசை முடிந்ததும் தேவன் மைக்கைப் பிடித்துப் பெயர் வாசித்தார். இரண்டு பிள்ளைகள் போய்ப் பொன்னாடை வாங்கினார்கள். மூன்றாவதாக, "பெர்னாட் லில்லியன் தம்பதியின் மகன், எய்டன்" என்றார். எய்டன் எழுந்திருக்கவில்லை. பெர்னாட் அவன் முழங்கையைத் தள்ளினார். அவன் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நேராக முன்னால் போனேன். தேவன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"என் மகன் இன்னும் இன்ஜினியர் ஆகல. போலிடெக்னிக்ல டிப்ளோமாதான் முடிச்சிருக்கான். டிகிரிக்கு இப்பதான் இடம் கிடைச்சிருக்கு. படிச்சு முடிச்சதும் இந்தப் பொன்னாடையைப் போடுங்க. இத்தனை நாள் சொல்லாம இருந்தது எங்க தப்பு."

தேவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். மைக் என் கையிலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்களுக்குத் தெரியும்லா, லில்லியன். எய்டன் படிக்கப் போன முதல் மாசமே நம்ம கோயில் பொண்ணு நட்டாலிகிட்டச் சொல்லிட்டான். நட்டாலி அவ அம்மாகிட்டச் சொல்லிடுச்சு. பெர்னாட் மனசு கஷ்டப்படுவாருன்னுதான் யாரும் கேக்கல. டிப்ளோமாவும் படிப்புதானே, வாங்கிக்கட்டும்."

நட்டாலியின் அம்மா முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் யாரோ கை தட்ட, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தட்டினார்கள். எய்டன் வந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டான். மூன்று வருடமாக நாற்பது குடும்பம் எங்களுக்காக நடித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது, எஸ்டேட் செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் பெர்னாட் காரை ஓரம் கட்டினார். திரும்பாமலே பேசினார்.

"எய்டன், போனை எடு. சரின்னு போட்டுடு. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

பின் சீட்டில் எய்டன் போனைத் தொடவில்லை.

"நேத்தே வேணாம்னு போட்டுட்டேன்ப்பா" என்றான் எய்டன். "நீங்க சட்டையைக் கொண்டாந்து வச்சீங்கல்ல, அதுக்கப்புறம்."

நான் இருவரையும் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று அவனையும், இப்போது திருப்தியா என்று இவரையும்.

"நாளைக்கு லீவு போடறேன். நேர்ல போய்க் கேப்போம். என் தப்புன்னு சொல்றேன்" என்றார் பெர்னாட்.

"ஒரு தடவை வேணாம்னு போட்டா மாத்த முடியாதுன்னு அதுலயே எழுதியிருந்துச்சுப்பா. அடுத்த வருஷம் மறுபடியும் போடலாம். கிடைக்குமான்னு தெரியாது." அப்புறம் ஒன்று கேட்டான். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அதுவரைக்கும் யாராச்சும் கேட்டா என்னப்பா சொல்லுவீங்க?"

பெர்னாட் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டிப்ளோமா முடிச்சிருக்கான், ராவாங்ல டெக்னீஷனா இருக்கான்னு சொல்றேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து வரவழைக்க என் பிள்ளையின் இடம் செலவாகியிருக்கிறது.