ஒத்வார் சொன்ன காற்று

ஒத்வார் சொன்ன காற்றை நம்பத் தோருனுக்கு மனம் வரவில்லை.

"மேற்கிலேர்ந்து பேயா அடிக்குது. பனி கொட்டுது. எவனையும் இந்தப் பக்கம் விடாத!" கடலிலிருந்து தொலைபேசியில் கத்திவிட்டு வைத்துவிட்டான் அந்த மீனவக் கிழவன்.

த்ரோம்ஸோ வானிலை அறையில் அவள் திரையில் அப்படி ஒன்றுமே இல்லை. சற்றுமுன் வந்த செயற்கைக்கோள் படத்தில் வார்டோ மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே நாலைந்து மேகத் துணுக்குகள், அவ்வளவுதான். அடுத்த படம் இரண்டு மணிக்கு. இன்னும் ஒன்றரை மணி நேரம். துருவக் கடலின் குட்டிப் புயல் உருவாகிப் பாய அது தாராளம். கணினிக் கணிப்புக்குக்கூடச் சிக்காத சின்ன உருவம், படகைக் கவிழ்ப்பதில் மட்டும் பெரிய ஆள்.

ஆனால் சொன்னது ஒத்வார். வார்டோவில் பிறந்தவளுக்கு இந்த வித்தை தெரியாதா? மீனைக் கண்டவன் புயல் என்பான். மற்றவர்கள் கரையில் கிடப்பார்கள், அவன் மட்டும் அள்ளுவான். அவள் அப்பாவே செய்திருக்கிறார். போன மாதம் ஒத்வார் இப்படிச் சொல்லித்தான் அவள் அண்ணன் எஸ்கிலை இரண்டு நாள் கரையில் உட்கார வைத்தான். பிறகு பதினோரு டன் காட் மீனோடு வந்து இறங்கினான்.

இப்போது எஸ்கிலுடையதையும் சேர்த்து ஏழு படகுகள் கிளம்பத் தயார். தடுப்பதா, விடுவதா?

"பொய் எச்சரிக்கை விட்டா அடுத்த தடவை எவனும் மதிக்க மாட்டான்" என்றான் பக்கத்து மேசை ஹல்வோர். "உங்க ஊர்க்காரங்க சங்கதி உனக்குத் தெரியாததா?"

அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பட்டதாரிகள். 'உங்க ஊர்க்காரங்க' என்று அவன் சொன்னாலே மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வது மாதிரி இருக்கும். தோருன் ஒத்வாரை அழைத்தாள்.

"காத்து எப்படி இருக்கு?"

"நின்னு போச்சு."

ஹல்வோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நின்னு போச்சா?"

"சத்தியமா. தலைக்கு மேல நீல வானம். சுத்தி மட்டும் மேகம், சுவர் மாதிரி நிக்குது. மைனஸ் ஒன்பதா இருந்தது மைனஸ் ரெண்டாயிடுச்சு. என்ன கண்றாவியோ!"

பொய் சொல்கிறவன் காற்றைக் கூட்டித்தான் சொல்வான், நிறுத்தமாட்டான். அதிலும் வெப்பத்தை ஏற்றிச் சொல்ல அவனுக்கு எதற்குத் தோன்றப்போகிறது?

"ஒத்வார், நீங்க புயலோட கண்ணுக்குள்ள, நட்ட நடுவுல நிக்கிறீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கிழக்கேயிருந்து அடிக்கும். படகு முகப்பைக் கிழக்கே திருப்புங்க."

"நீ எஸ்கில் தங்கச்சிதானே? நான் நகர்ந்ததும் இந்த இடத்துல உங்கண்ணன் வலை போடணுமா?"

"நம்பாட்டி நம்பாதீங்க. முகப்பைத் திருப்பிட்டு அப்புறம் நம்பாம இருங்க!"

எச்சரிக்கையை அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் எஸ்கில் கூப்பிட்டான்.

"ஏன்டி, அந்தக் கிழவன் உன்னையும் ஏமாத்திட்டானா? இதுக்கா அத்தனை வருஷம் படிச்சே?"

"இதுக்குத்தான் படிச்சேன். கயித்தை அவுக்காதே."

"அவன்கிட்ட எவ்வளவு மீனு வாங்கினே?"

வைத்துவிட்டான். திரையில் ஆறு படகுப் புள்ளிகள் துறைமுகத்திலேயே நின்றன. எஸ்கிலின் புள்ளி மட்டும் அலைதடுப்புச் சுவர்வரை ஊர்ந்தது. அங்கேயே தயங்கி நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு, அவளை வைதுகொண்டேதான் இருக்கும், திரும்பியது.

இரண்டு மணிப் படம் வந்தது. வார்டோவுக்கு வடக்கே வெள்ளைச் சுழல், நடுவில் ஊசி குத்தினாற்போல் ஓர் ஓட்டை. ஹல்வோர் காபி எடுக்க எழுந்து போனான்.

மூன்றரைக்கு ஒத்வாரின் குரல், தொண்டை கட்டிப் போய்.

"கிழக்கேயிருந்துதான் வந்துச்சு. முகப்பு திரும்பியிருந்ததால தப்பிச்சேன்." இருமினான். "உங்கண்ணன் எங்க?"

"கரையில."

"நிஜமாவா? நான் விட்ட இடத்துல வலை போடலையே?"