விட்டுக்கொடுத்த சீட்டு

மெஹ்ஜபீன் படிக்கிற படிப்பின் பெயர் கொஞ்சம் நீளம். எம்.எஸ்சி., பயன்பாட்டுப் புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும், இரண்டாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் யாராவது கேட்டுவிட்டால், அவள் சொல்லி முடிப்பதற்குள் டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். அம்மா ஷகிலா அதைச் சுருக்கி "கம்ப்யூட்டர்" என்பாள். தருமபுரி கடைவீதியில் தார்ப்பாயும் கயிறும் பிளாஸ்டிக் குடமும் விற்கிற அத்தா தஸ்தகீர் இன்னும் சுருக்கி "கணக்கு" என்பார். படிப்பு எப்போது முடியும் என்பதில் மட்டும் அந்த வீட்டில் குழப்பமே கிடையாது. "ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது," என்று கல்லூரியில் சேர்த்த அன்றே ஷகிலா சொல்லிவிட்டாள். கிருஷ்ணகிரியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் அதே இரண்டு வருஷத்தைக் கணக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். மே மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அப்புறம் அது வரவே வராது. மெஹ்ஜபீனுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆய்வுக்கு வத்தல்மலையில் ஓர் ஊரை எடுத்துக்கொண்டிருந்தாள். மலையில் வீட்டுக்கு வீடு சாப்பாடு போதுமான அளவு இருக்கிறதா, பட்டினி உண்டா என்று கேட்டு அளப்பதுதான் வேலை. எல்லா வீட்டையும் கேட்க நேரமில்லை, நாலில் ஒரு வீடு போதும். அது எந்த வீடு என்பதைக் கேட்கிறவளும் முடிவுசெய்யக் கூடாது, ஊர்க்காரர்களும் முடிவுசெய்யக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். அந்தப் படிப்பின் அஸ்திவாரமே இதுதான். பேராசிரியர் கிருஷ்ணப்பன் வகுப்பில் இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவார். "நமக்குப் புடிச்ச வூட்டுக்குப் போனா நமக்குப் புடிச்ச பதில்தான் வரும். அதுக்கு வூட்டுலயே உக்காந்து எழுதிக்கலாமே!"

ஆகவே கம்ப்யூட்டரில் வீடுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மேலே போனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்ப்யூட்டர் யாரு பேரைச் சொல்லுச்சுன்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார் வேடியப்பன். காப்பித் தோட்டமும் ஜீப்பும் வைத்திருக்கிற பெரிய விவசாயி அவர். "எல்லாரு கண்ணு முன்னாலயும் குலுக்கிப் போடுங்க. அதுதான் சரி."

புள்ளியியலின்படியும் அது சரிதான். அத்தா கடையிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம் மலையேறியது. கோயில் வாசலில் வைத்து, எல்லா வீட்டுக் கதவு எண்ணையும் சீட்டில் எழுதிப் போட்டு, பூசாரி கையை விட்டு எடுத்தார். "முன்னாடியே சொல்லிடறேங்க, இதுல யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது. வெறும் கேள்விதான்," என்று மெஹ்ஜபீன் அழுத்தமாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மலைக்கு வருகிற எல்லோருமே அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் குலுக்கல் என்று ஒன்று நடந்துவிட்டால் அதன் பின்னால் ஆடோ, மாட்டுக் கொட்டகையோ, வீடோ ஏதாவது ஒன்று வந்து சேரும். சும்மா குலுக்கிப் பார்க்க யாருக்கு என்ன பைத்தியமா?

வீடுகளுக்குக் கூட்டிப்போனவன் சந்துரு, அந்த ஊரில் பால் வண்டி ஓட்டுகிறவன். கதவு எண்கள் வரிசையாக இல்லாத ஊர் அது; எந்த எண் எந்த வீடு என்பது அவனுக்குத்தான் தெரியும். அவன் பைக்கை நிறுத்திய இடத்தில் இறங்கி, காட்டிய வாசலில் உட்கார்ந்து, அவள் செல்போனில் பதில்களைப் பதிந்தாள்.

அந்த வாசல்களில் சின்னக்காவின் வாசலை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இறந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், மலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். பாதி ஓடு, பாதி தகரம். போன ஒரு மாதத்தில் வீட்டில் யாராவது ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தீர்களா என்று கேட்டபோது சின்னக்கா யோசிக்கவே இல்லை.

"புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நான் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்குவேங்க. கூலிக்குக் கூப்புடாத வாரமெல்லாம் அப்பிடித்தான். போன மாசம் ரெண்டு வாரம் கூப்புடல." சொல்லிவிட்டு எட்டி செல்போனைப் பார்த்தாள். "எல்லாம் ஏறிடுச்சுங்களா?"

"ஏறிடுச்சுங்கக்கா," என்றாள் மெஹ்ஜபீன். கூழ் குடிக்கிறீர்களா என்று சின்னக்கா பேச்சுக்குக் கேட்டாள். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று இவளும் பேச்சுக்குச் சொன்னாள். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

முடிவைப் போட்டுப் பார்த்தபோது மூன்றில் ஒரு வீட்டில் பட்டினி என்று வந்தது. கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "பெரிய விஷயம்மா இது. பத்திரிகையில போடலாம்," என்றார். மெஹ்ஜபீனுக்குத் துக்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மே மாதம் பிறந்த வாரம் அவள் கடையில் அத்தாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள். சாமை காயப்போடத் தார்ப்பாய் வாங்க வேடியப்பன் வந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா, அந்த வூடு எப்பங்க வரும்? மழைக்கு முன்னால வந்துட்டாத் தேவல."

"எந்த வீடுங்க?"

"குலுக்குனீங்களே. என் கதவு நம்பருதான் மொதல்ல வந்துச்சு. எனக்கு எதுக்குங்க, நான் மாடி வூடு கட்டிட்டேன். சின்னக்காவுக்கு விட்டுக்குடுத்துட்டேன். என்னைய மாதிரி பத்துப் பன்னெண்டு பேரு விட்டுக்குடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஊரு கூடிப் பேசிட்டோம். இல்லாதவங்களுக்குப் போவட்டும்னுதான் சந்துரு கிட்டச் சொல்லி அனுப்புனோம்." தார்ப்பாயின் மடிப்பை நீவிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். "குலுக்கல்ல வசதியானவன் பேரு வந்தா அது ஞாயமாங்க?"

மெஹ்ஜபீனுக்கு இப்போதுதான் புரிந்தது. பசித்த வீடுகளையெல்லாம் பொறுக்கியெடுத்து அவள் முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஊர் நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்திருக்கிறது. நல்ல காரியம்தான். எந்த அதிகாரி செய்திருந்தாலும் அவள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அவள் போய்க் கேட்ட எந்த வீட்டின் பசியும் பொய்யில்லை. மூன்றில் ஒன்று என்பதுதான் பொய்.

கிருஷ்ணப்பனிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் இந்த முறை மேசையைத் தட்டவில்லை. "அவங்க மேல குத்தம் சொல்ல முடியாதும்மா. ஆனா இதை வெச்சு ஊரு முழுசுக்கும் பேச முடியாது. அப்படியே குடுத்தா யாரும் கண்டுபுடிக்கப் போறதில்ல. மறுபடி போறதுன்னா மூணு வாரந்தான் இருக்குது. முடியலைன்னா அடுத்த வருஷந்தான். நீயே யோசிச்சுக்க."

வீட்டுக்கு வந்து ஷகிலாவிடம் சொன்னாள். ஷகிலா புள்ளியியல் பக்கமே போகவில்லை. "முடிச்சதை எதுக்குடி கலைக்கிறே? கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். அன்றைக்கு மெஹ்ஜபீனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மூன்றில் ஒன்று என்பதைக்கூட எப்படியோ எழுதிவிடலாம். ஆனால் மழைக்கு முன்னால் வீடு வரும் என்று அங்கே ஒருத்தி தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதற்கு மலையேற வேண்டியவள் தன்னைத் தவிர வேறு யாருமில்லை என்பதில் மெஹ்ஜபீனுக்குச் சந்தேகம் வரவில்லை.

அதே சிவப்புக் குடத்தோடு போனாள். கோயில் வாசலில் நின்று, வீடு வராது, ஆடு வராது, எதுவுமே வராது என்று சொன்னாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் திட்டவில்லை. சின்னக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"மொதல்லயே சொன்னீங்க, நாங்கதான் நம்பல," என்றார் வேடியப்பன். "சரி, படிப்பு கெட்டுப்போவக் கூடாது. ஒண்ணும் வராதுன்னா யாரு பேரு வந்தா என்ன? குலுக்குங்க."

குலுக்கினார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போன இடத்திலெல்லாம் பதில்கள் தாராளமாக வந்தன. போன முறை ஆடே இல்லை என்றவர்கள் பட்டியைத் திறந்து காட்டினார்கள். மாடி வீட்டுக்காரர் மிளகு விற்றதைக்கூடச் சொன்னார். இப்படிப்பட்ட பதில்களுக்காகத்தான் கிருஷ்ணப்பன் இரண்டு வருஷமாக வகுப்பில் ஏங்கிக்கொண்டிருந்தார். பட்டினி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீடாக முடித்துவிட்டால் தேதிக்குள் கொடுத்துவிடலாம். பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

கடைசி நாள் கடைசிச் சீட்டு சின்னக்காவுடையது. இந்த முறை நிஜமாகவே, பூசாரி கையில் வந்த சீட்டு.

வாசலில் சாணி தெளித்திருந்தது. சின்னக்கா தலைவாரி, துவைத்த சேலை கட்டியிருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கேள்விகளுக்கெல்லாம் மரியாதையாக, சுருக்கமாகப் பதில் சொன்னாள். மெஹ்ஜபீன் அந்தக் கேள்விக்கு வந்தாள். போன ஒரு மாதத்தில் வீட்டில் யாராவது ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தீர்களா?

"இல்லீங்க."

மெஹ்ஜபீன் தலைநிமிர்ந்தாள். "அக்கா, போன தடவை நீங்க..."

"போன தடவை வூடு குடுக்கறீங்கன்னு நெனச்சேன், சொன்னேன்," என்றாள் சின்னக்கா. குரலில் கோபம் இல்லை. "ஒண்ணும் குடுக்காதவங்க கிட்ட நான் பட்டினி கெடந்தேன்னு எதுக்குங்க சொல்லணும்?"

கேட்கிறவரைப் பார்த்து இப்படிப் பதில் மாறுவதற்கும் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. மெஹ்ஜபீன் அதை எழுதி ஐந்தும் வாங்கியவள். இப்போது கண் கலங்கியதை மறைக்க செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். தப்பான முறையில் கேட்டபோது சரியான பதில் வந்தது. சரியான முறையில் வந்து உட்கார்ந்திருக்கும்போது கதவு சாத்திவிட்டது. சொன்னதைத்தான் பதிய வேண்டும், தெரிந்ததைப் பதியக் கூடாது. அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

"என்ன போட்டீங்க?"

"இல்லைன்னுதாங்கக்கா."

"ஏறிடுச்சுங்களா?"

"ஏறிடுச்சு."

சின்னக்கா முகம் தெளிந்தது. எழுந்து உள்ளே போனாள். சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "வெயில்ல வந்துருக்கீங்க. குடிங்க."

விளையாடப் போன பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரம். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்ற சொல் மெஹ்ஜபீனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், இப்போது பதிந்த பதிலை நான் நம்பவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இரண்டு கையாலும் சொம்பை வாங்கி முழுவதையும் குடித்தாள்.

"உப்பு போதுங்களா?" என்று கேட்டாள் சின்னக்கா.

"போதுங்கக்கா," என்றாள்.