நாற்பத்தோரு ஆட்சேபங்கள்

மேலச்சின்னம்பட்டி கீழத்தெருவில் அந்த வாரம் யாரும் யாரையும் நம்பவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து நாற்பத்தோரு பேரை நீக்கச் சொல்லி எவனோ ஒருவன் படிவம் கொடுத்திருந்தான். நாற்பத்தோரு பேரும் குத்துக்கல்லாட்டம் ஊரில்தான் இருக்கிறார்கள், அதே வீடு, அதே ரேஷன் கடை. ஆனால் 'நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டார்' என்று எல்லோருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது. வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. நேரில் போய் மறுக்காவிட்டால் பேர் போய்விடும்.

நோட்டீஸைக் கொண்டுவந்தவள் அங்கன்வாடி தாமரைச்செல்வி. அந்த வாக்குச்சாவடிக்கு அவள்தான் அலுவலர். ஆட்சேபித்தது யாரென்று கேட்டவர்களிடம், மூலப் படிவம் ஆபீஸில் இருக்கிறது, விசாரணையில் சொல்வார்கள் என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். இந்தப் பாகத்தில், அதாவது இதே சாவடிப் பட்டியலில், ஓட்டு உள்ள ஆள்தான் கொடுத்திருக்கிறார் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் ஒருவர் வணக்கம் வைத்தால் மற்றவர் ஏன் வைக்கிறான் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது. அதற்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்று சட்டம் சொல்லும். கட்சி இல்லாமல் ஒரு வேட்பாளரும் நின்றதில்லை என்று ஊர் சொல்லும். போன தடவை மேலத்தெரு ஜெயக்கொடியின் மனைவி முப்பத்தேழு ஓட்டில் தோற்றாள். கீழத்தெருவில் குடியானவர்கள் அல்லாத அத்தனை வீடும், அதாவது காலனி வீடுகளும் பள்ளிவாசலை ஒட்டிய பன்னிரண்டு வீடுகளும், ஒரே மூட்டையாக எதிர்த்துப் போட்டிருந்தன. நோட்டீஸ் வந்தது அந்த வீடுகளுக்குத்தான்.

அதனால் முதலில் ஜெயக்கொடியைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதைத் தடுத்தவன் பால்பாண்டி.

பால்பாண்டி காலனிக்காரன். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். ஜெயக்கொடி கிளைச் செயலாளராக இருக்கும் கட்சிக்கு இந்தச் சாவடியின் பூத் ஏஜென்ட். கழுத்தில் அட்டை தொங்கினால் போதும், தேர்தல் கமிஷனே தன் தோளில் நிற்கிற மாதிரி நடப்பான். ஜெயக்கொடிக்கு ஓட்டு மேலத்தெருப் பாகத்தில் இருக்கிறது, அவர் எப்படி இங்கே ஆட்சேபிக்க முடியும் என்று சட்டம் பேசினான். அவன் பேச்சை எல்லோரும் கேட்டார்கள். ஏனென்றால் நாற்பத்தோரு பேரில் அவன் மனைவி சரண்யாதேவியும் ஒருத்தி. சொந்தப் பெண்டாட்டி பேரே போயிருக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

சரண்யாதேவி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து எடுத்து இங்கே சேர்க்க மூன்று வருஷம் அலைந்திருக்கிறாள். முதல் வாக்காளர் அட்டையில் புருஷன் பேருக்குப் பதில் மாமனார் பேர், இரண்டாவதில் வேறு எவளுடைய போட்டோவோ. மூன்றாவது சரியாக வந்த நாளில் எதிர்வீட்டுக்கெல்லாம் காட்டினாள். நோட்டீஸைப் பார்த்ததும் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "நான் எங்க இடம்பெயர்ந்தேன்னு எழுதுனவன் மூஞ்சியப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்" என்று தினமும் சொன்னாள்.

யாரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. பால்பாண்டி பிடித்தான். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் விருமாண்டி. மேலத்தெரு ஆள், ஆனால் கடைக்கு மேலேயே குடியிருப்பதால் ஓட்டு இந்தப் பாகத்தில். ஆதார், ரேஷன் கார்டு என்று தெருவின் அத்தனை காகிதமும் அவன் மெஷினுக்குள் போய் வந்தவை. போன வருஷம் பள்ளிவாசல் வீட்டுக் காதர் மைதீனின் மகனோடு சில்லறைத் தகராறு வேறு. இது போதாதா? ஆட்சேபித்தது விருமாண்டிதான் என்று பால்பாண்டியே தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினான். நாற்பது பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளிலிருந்து கடைக்கு ஒரு ஆள் போகவில்லை. எவனோ ஷட்டரில் சாணியடித்தான். விருமாண்டி யாரையும் திட்டாமல் கழுவிவிட்டான். கள்ளன்தான் சத்தம் போடமாட்டான் என்று அதற்கும் பேசினார்கள்.

புதன்கிழமை காலையில் கம்பெனி வேனுக்காகப் பால்பாண்டி ரோட்டில் நின்றபோது தாமரைச்செல்வி வந்தாள். விசாரணைக்குக் கோப்புகளை அடுக்கும் வேலை முந்தின நாள் அவளுக்கு வந்திருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, நாப்பத்தொன்னுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பேருக்குக் கீழே இழுக்கிற கோடும் கோட்டுக்குக் கீழே வைக்கிற இரண்டு புள்ளியும் அப்படியே இருக்கிறது என்றாள். வேன் வந்து ஹாரன் அடித்தது. அவன் ஏறவில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் நடந்த பூத் ஏஜென்ட் கூட்டம் அவன் நினைவுக்கு வந்தது. பிரியாணிக்கு முன்னால் ஜெயக்கொடி ஒரு கத்தைப் படிவத்தை நீட்டினார். புது ஓட்டுச் சேர்க்க என்றார். பேரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம், நீ கையெழுத்தை மட்டும் போட்டு வை என்றார். கட்சியில் இது ஒன்றும் புதிதில்லை. வெறும் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது நம்பிக்கைக்கு அடையாளம், படித்துப் பார்ப்பது அவமரியாதை. பால்பாண்டி ஒரு காகிதத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாரையும்விட வேகமாகப் போட்டு முடித்ததாக அன்றைக்குப் பெருமை வேறு.

நேரே ஜெயக்கொடி வீட்டுக்குப் போனான். அவர் மறுக்கவில்லை, அதுதான் பால்பாண்டிக்குப் பயமாக இருந்தது. உட்காரச் சொல்லி டீ கொடுக்கச் சொன்னார். என் மனைவி பேரை எதற்குச் சேர்த்தீர்கள் என்று பால்பாண்டி கேட்டான்.

"உன் வீட்டுப் பேரும் இருந்தாத்தான உன் மேல சந்தேகம் வராது பாண்டி. உனக்காகத்தான் சேர்த்தேன்" என்றார்.

பிறகு வழியும் அவரே சொன்னார். நாளைக்கு அதிகாரி கேட்டால் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லிவிடு. போலிப் படிவம் என்று அத்தனையும் தள்ளுபடியாகும். உங்கள் ஆட்களுக்கு ஓட்டும் நிற்கும், உனக்குப் பேரும் நிற்கும். விருமாண்டி மேல் மனு இருக்கிறதே, போலீஸ் அங்கே போய்க்கொள்ளும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தான்.

அன்று முழுவதும் அவன் தெருவைப் பார்த்த பார்வையே வேறு. ஒவ்வொருத்தர் கண்ணும் தன் கையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சரண்யாதேவி அட்டை, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று அவனையே கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தான். அவள் ஒரு நிமிஷம் அவனைக் கூர்ந்து பார்த்தாள், பிறகு கவரை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டு லோடு ஆட்டோவில் போனார்கள். அறையில் இடமில்லாமல் வராந்தா வரைக்கும் கூட்டம். விருமாண்டியும் வந்து சுவர் ஓரமாக நின்றான். மனுவின் பேரில் அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர், வேலை முடிந்தால் போதும் என்கிற முகம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீடு எது, எத்தனை வருஷம், ஆட்சேபித்தவரைத் தெரியுமா என்று மூன்றே கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னார். முதல் ஆளாகக் காதர் மைதீன் போனார்.

"எங்க அத்தா ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துலதான் நானும் போடுறேன். நான் எங்க இடம் பேந்து போனேன்னு எழுதுன ஆளே வந்து சொல்லட்டும் சார்" என்றார்.

அதிகாரி படிவத்தைப் புரட்டி, பால்பாண்டி யார் என்று கேட்டார். கூட்டத்துக்குப் புரியவில்லை. மனு எழுதியவர் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று வழிவிட்டார்கள். ஒருவர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். ஜெயக்கொடி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போன் பேசிக்கொண்டு நின்றார்.

படிவங்களை மேஜையில் விசிறிப் போட்டு, இது உங்கள் கையெழுத்தா என்றார் அதிகாரி. இல்லை என்கிற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். மனுக் காகிதமும் பக்கத்திலேயே இருந்தது. அதிலும் அவன் கையெழுத்து, அதே கோடு, அதே புள்ளி. சுவர் ஓரத்தில் விருமாண்டி தலை குனிந்திருந்தான். அவனுடைய நகக்கண்ணில் இன்னும் சாணி இருக்கும் என்று அர்த்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது.

"என்னோடதுதான் சார். விருமாண்டிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. வெறும் ஃபாரத்துல போட்டுக் குடுத்தேன். யாரு கேட்டான்னும் சொல்றேன்."

சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார். பொய் உறுதிமொழிக்கு வழக்கு வரும், தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றான். வெளியே வேப்பமரத்தடி காலியாகிவிட்டது. முதுகில் தட்டியவர் நகர்ந்து நின்றார். காதர் மைதீன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று பால்பாண்டிக்கு இருந்தது.

ஆட்சேபங்கள் நிற்காது, ஆனாலும் வந்தவர்கள் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அதிகாரி. வரிசை நகர்ந்தது. பால்பாண்டியை மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். பதினேழாவதாகச் சரண்யாதேவி வந்தாள். கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வீட்டு எண்ணைச் சொன்னாள், எத்தனை வருஷம் என்பதைச் சொன்னாள். அதிகாரி தலை நிமிராமல் மூன்றாவது கேள்வியையும் கேட்டார். ஆட்சேபம் தெரிவித்தவரை உங்களுக்குத் தெரியுமா?

அவள் திரும்பிப் பால்பாண்டியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் சார்" என்றாள். பேனாவை வாங்கி, எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.